பதவியில் இருந்ததால்தான் பணம் சேர்ந்ததா? சென்னைத் தொகுதிகளின் பிரமாணப் பத்திரங்களை வைத்துப் பேசுவோம்

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு இதே வேலைதான். சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் 2011, 2016, 2021 தேர்தல்களில் நின்றவர்களின் பிரமாணப் பத்திரங்களை இறக்கி, சொத்து விவரத்தை எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிகூட முடியவில்லை. அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால்தான் இங்கே வந்தேன்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் யாராவது ஒருவர் "டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்தவன், இன்னைக்கு இன்னோவாவில போறான்" என்று சொன்னால் போதும். எல்லாரும் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. அந்த இன்னோவா பதவியால் வந்ததா, பதவி இல்லாவிட்டாலும் வந்திருக்குமா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சம்பளத்தில் வந்திருக்க முடியாது, அது மட்டும் சுலபமான கணக்கு. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்கு 2017-லிருந்து படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல் ஐந்து வருடம் சேர்த்தாலும் 63 லட்சம். 2021 தேர்தலில் ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். 2022-ல் அதை 40 லட்சம் ஆக்கினார்கள். கிடைக்கப் போகும் சம்பளத்தில் பாதிக்கு மேல் வேட்பாளராக நிற்கவே போய்விடலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியிருந்தும் சீட்டுக்கு அடிதடி நடக்கிறது.

ஆனால் எனக்குக் குழப்பம் இதுதான். ஜெயித்தவரின் சொத்தும் ஏறியிருக்கிறது, தோற்றவரின் சொத்தும் ஏறியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யாரைக் கேள்வி கேட்பது?

மேஸ்திரி மகன், மேடவாக்கம் எழுதியது:

அண்ணா, அந்தக் குழப்பத்துக்கு ஒரு பதில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 1994-ல் அப்பா சீட்டு எடுத்து மேடவாக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினார். அப்போது மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மனைக்குப் போக வேண்டும். சொந்தக்காரர்கள் "ஏரியில காசைப் போட்டுட்டான்" என்று சிரித்தார்கள். இன்று அந்த மனையை மட்டும் பிரமாணப் பத்திரத்தில் சந்தை மதிப்பு போட்டு எழுதினால் நாங்கள் கோடீஸ்வரர்கள். அப்பா இன்னும் மூத்த குடிமக்களுக்கான டோக்கனை வைத்துக்கொண்டுதான் மாநகரப் பேருந்தில் போகிறார். எங்கள் வீட்டில் யாரும் ரேஷன் கடை வரிசைக்குக்கூடத் தலைவராக இருந்ததில்லை.

சென்னையைச் சுற்றி நிலம் வைத்திருந்த எல்லாருடைய சொத்தும் ஏறியது. அதை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்வது நியாயமில்லை.

நங்கநல்லூர் கணக்கர் எழுதியது:

மேஸ்திரி மகன் தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ரயிலடி சார், நீங்கள் செய்யும் வேலையை ஏற்கெனவே பெரிய அளவில் மூன்று பேர் செய்திருக்கிறார்கள். ரேமண்ட் ஃபிஸ்மன், ஃப்ளோரியன் ஷுல்ஸ், விக்ராந்த் விக். 2014-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு முழுக்க நம் நாட்டு வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை வைத்துத்தான்.

அவர்கள் எம்.எல்.ஏ.வைச் சாதாரண ஆளோடு ஒப்பிடவில்லை. ஒரே தொகுதியில் ஜெயித்தவர், அவருக்கு அடுத்து வந்து தோற்றவர், இந்த இரண்டு பேரும் அடுத்த தேர்தலிலும் நின்றிருந்தால் இருவரின் சொத்து வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே ரகம். இரண்டு பேருக்கும் நிலம் இருக்கும், தொழில் இருக்கும், ஊரில் செல்வாக்கு இருக்கும். மேடவாக்கத்து மனை விலை ஏறினால் இரண்டு பேருக்கும் ஏறும். அதைக் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் பதவியின் பங்கு.

மிச்சம் நின்றது வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம். அவ்வளவு வேகமாக ஜெயித்தவரின் சொத்து கூடுதலாக வளர்ந்தது. ஊழல் அதிகம் என்று கருதப்படும் மாநிலங்களிலும், அமைச்சர் பதவி கிடைத்தவர்களிடமும் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

அதனால் சார், உங்கள் எக்ஸெல்லில் ஜெயித்தவரை மட்டும் ஏற்றாதீர்கள். இரண்டாவதாக வந்து மறுபடியும் நின்றவரைத் தேடிப் பிடித்து எதிர்ப்பத்தியில் போடுங்கள். அந்த எதிர்ப்பத்தி இல்லாமல் கணக்கு நிற்காது.

ஓட்டேரி எழுதியது:

வெறும் 4 சதவீதமா? இதற்கா இத்தனை சத்தம்?

நங்கநல்லூர் கணக்கர் எழுதியது:

ஓட்டேரி நண்பரே, 1 கோடி வைத்திருப்பவருக்கு வருடம் 4 சதவீதம் கூடுதல் என்றால், ஐந்து வருடக் கூட்டு வளர்ச்சியில் ஏறக்குறைய 22 லட்சம். இது சராசரி. ஒன்றும் சேர்க்காதவரும் இதில் உண்டு, அள்ளியவரும் உண்டு. அப்புறம், தானாகவே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சொத்து மட்டும்தான் இந்தக் கணக்கில் வந்திருக்கிறது. ஒளித்து வைத்தது எதுவும் இதில் இல்லை.

இன்னொன்று. இது நம் நாட்டுக்கு மட்டுமான கதை அல்ல. பிரிட்டனில் எம்.பி.க்கள் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களில் ஜெயித்தவர்களின் சொத்து தோற்றவர்களின் சொத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொழிற்கட்சிக்காரர்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அங்கே அது கம்பெனிகளில் இயக்குநர் பதவி மாதிரி சட்டப்படியான வழிகளில் வந்த பணம். சட்டம் அனுமதிப்பதாலேயே அது சரியாகிவிடுமா என்பது தனிக் கேள்வி.

தம்பு செட்டித் தெரு டைப்பிஸ்ட் எழுதியது:

இந்த இழையை மத்தியானம் கடையில் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எல்லாரும் பிரமாணப் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதை அடித்துக் கொடுக்கிறவள் நான். 22 வருடமாக இதே தெருவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். வேட்புமனு வாரம் வந்துவிட்டால் வீட்டுக்குப் போக ராத்திரி பதினொன்று ஆகும்.

பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26-ல் சொத்துக்கு எத்தனை கட்டம் இருக்கிறது தெரியுமா? வேட்பாளருக்கு ஒன்று, மனைவி அல்லது கணவருக்கு ஒன்று, இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் அதற்கு ஒன்று, அப்புறம் சார்ந்திருப்போர். சார்ந்திருப்போர் என்றால் சொந்தமாக வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி இருப்பவர்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் விஷயமே.

ஒரு தேர்தலில் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மனைவி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சவரனைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆரம், நெக்லஸ், கல் வளையல், ஒட்டியாணம். நடுவில் "அது பாப்பாவுக்குப் போட்டாச்சு, அதை எடுத்துடுங்க" என்றார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எடுத்துவிட்டேன். சார்ந்திருப்போருக்கு வந்தோம். வாட்டசாட்டமான மகன் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறான். "அவன் சொந்தமா கம்பெனி நடத்துறான்மா, அவன் பேரு வராது" என்றார் அப்பா. சட்டப்படி அது சரிதான். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் என் வேலை இல்லை. முன்பெல்லாம் சிலர் அந்தக் கட்டங்களைச் சும்மா விட்டுவிடுவார்கள். 2013-ல் உச்சநீதிமன்றம் எந்த இடத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று சொன்ன பிறகு, ஒவ்வொன்றிலும் "இல்லை" என்று அடிக்கிறோம். அன்றைக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக "இல்லை", "இல்லை" என்று அடித்துக்கொண்டு போனேன். மகன் போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டான்.

கணக்கர் சார் சொன்ன 4 சதவீதம் இந்தக் கட்டங்களுக்குள் இருப்பது மட்டும்தான். மகன், மருமகன், மச்சான் யாரும் அதில் இல்லை.

ஆலந்தூர் வக்கீல் எழுதியது:

டைப்பிஸ்ட் அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சட்டம் இங்கே வந்து சேர எவ்வளவு நாள் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். வேட்பாளரின் சொத்தை வாக்காளர் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொன்னதே 2002-ல்தான். அதை மழுங்கடிக்க நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைத் தள்ளியது. சொத்து என்ன என்று மட்டும் சொன்னால் போதாது, அது எந்த வருமானத்தில் வந்தது என்றும் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு 2018 பிப்ரவரியில் வந்தது. அதே தீர்ப்பில் நீதிபதி செலமேஸ்வர் அமர்வு இன்னொன்றும் சொன்னது. மக்கள் பிரதிநிதிகளின் சொத்து ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் எப்படி வளர்கிறது என்று கண்காணிக்க ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும் என்றது. ரயிலடி சார் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து செய்வது அந்த அமைப்பின் வேலைதான்.

எம்.பி.க்கள் பதவியேற்ற 90 நாளுக்குள் அவைத் தலைவரிடம் சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எம்.எல்.ஏ.க்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆகையால் ஒருவர் மறுபடி தேர்தலில் நிற்காவிட்டால், பதவிக் காலத்தில் அவர் சொத்து என்ன ஆனது என்பது நம் கண்ணுக்கே வராது. நிறையச் சேர்த்துவிட்டு மனைவிக்கோ மகனுக்கோ சீட்டு வாங்கிக் கொடுத்து ஒதுங்கியவர் ஆய்விலேயே விழமாட்டார்.

சரி, மாட்டியவர்கள் கதைக்கு வருகிறேன். ஜெயலலிதா 1991-லிருந்து 1996 வரை முதலமைச்சராக மாதம் 1 ரூபாய்தான் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தில் வருமானத்துக்கு மீறி 66.65 கோடி சேர்ந்ததாக வழக்கு. வழக்கு 1996-ல் பதிவானது. 2003-ல் சென்னையிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றினார்கள். 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு வருடச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது. வருமானத்துக்கு மிகுதியான சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதம்வரை விட்டுவிடலாம் என்று ஏற்கெனவே உச்சநீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது என்பது காரணம். ஆனால் அந்தக் கணக்கில் கடன் தொகைகளைக் கூட்டியதிலேயே பிழை. 24.17 கோடி என்று காட்டியிருந்த இடத்தில் சரியான கூட்டுத்தொகை 10.67 கோடி. 2017 பிப்ரவரி 14-ல் உச்சநீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. அதற்குள் ஜெயலலிதா காலமாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழக்கில் சேர்ந்திருந்த மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள்.

அந்தத் தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், சொத்தில் பெரும்பகுதி உடனிருந்தவர்கள் பெயரிலும் அவர்கள் நடத்திய பல நிறுவனங்களின் பெயரிலும்தான் இருந்தது. இன்றைய படிவம் 26-ஐ அன்றைக்கு நிரப்பியிருந்தாலும் அதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வந்திருக்காது.

ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்த சொத்துக்குவிப்பு வழக்குகளில் இரண்டு பெரிய கட்சிகளின் பெயர்களும் இருந்தன. லஞ்ச ஒழிப்புத் துறை மாநில அரசின் கீழ் இருக்கிறது. ஆட்சி மாறினால் வழக்கு பிறக்கும், மறுபடி மாறினால் அதே துறை ஆதாரம் போதவில்லை என்று நிற்கும். என் தொழிலில் என்னை மிகவும் வருத்துகிற காட்சி இது.

தண்டையார்பேட்டை பொண்ணு எழுதியது:

எல்லாரும் பணம் எங்கே போகிறது என்று பேசுகிறீர்கள். எங்கள் தெருவுக்கு வந்த பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. வருமான வரிச் சோதனையில் சிக்கிய காகிதங்களில் 89 கோடிக்குக் கணக்கு இருந்ததாகப் பேப்பரில் எல்லாம் வந்தது. டிசம்பரில் மறுபடி தேர்தல். எங்கள் பெரியம்மாவிடம் ஒருவர் வந்து ஒரு 20 ரூபாய் நோட்டைக் கொடுத்து, அதன் வரிசை எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். தேர்தல் முடிந்ததும் அந்த நோட்டைக் காட்டினால் பெரிய தொகை கிடைக்கும் என்றார். பெரியம்மா அதை அரிசி டின்னுக்குள் வைத்தார். பொங்கல் வந்தது, போனது. யாரும் வரவில்லை. ஆனாலும் அந்த நோட்டை அவர் செலவழிக்கவில்லை. அரிசி எடுக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்ப்பார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மீன் வெட்டிப் பிழைக்கும் கை அது. ஆனால் ஒரு தொகுதிக்குக் கோடிக்கணக்கில் போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார்? ரயிலடி அண்ணா, "பதவியால் பணம் சேர்ந்ததா" என்ற கேள்விக்கு முன்னால், பதவிக்குப் போவதற்கே எவ்வளவு போட்டார் என்று கேட்க வேண்டும். போட்ட பணம் எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் இல்லை, எடுத்த பணமும் இல்லை.

புதுமனை எழுதியது:

தண்டையார்பேட்டை சகோதரி கேட்டாரே, எங்கிருந்து எடுப்பார்கள் என்று. எங்களிடமிருந்துதான்.

வார்டு எண், வருடம் எதுவும் எழுத மாட்டேன், அங்கேதான் குடியிருக்கிறோம். பேங்க் லோனில் வீடு கட்ட ஆரம்பித்தோம். காலை ஏழு மணிக்கு முதல் லோடு எம்-சாண்ட் வந்து இறங்கியது. லாரி டிரைவர் தார்ப்பாயை மடித்து முடிப்பதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், அண்ணனைப் பார்த்துட்டீங்களா?" அவ்வளவுதான். என் மனைவி வீடு விஷயமாக யாரோ இன்ஜினியரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "எந்த அண்ணன்?" என்றாள். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தார்கள். பேரம் பேசிக் குறைத்தோம். கழிவுநீர் இணைப்புக்கு ரோடு வெட்டும்போது மறுபடி வந்தார்கள். ஜன்னல்களுக்குத் தேக்கு போடலாம் என்று இருந்தோம், அந்தப் பணம் அதில் போயிற்று.

மாமன்ற உறுப்பினருக்கு, அதாவது வார்டு கவுன்சிலருக்கு, முன்பு கூட்டத்துக்கு 800 ரூபாய் படிதான். 2023-ல் மாதம் 10,000 மதிப்பூதியம் அறிவித்தார்கள். அந்தப் பத்தாயிரத்தில் நாள் முழுக்க வார்டைச் சுற்றி வேலை செய்கிற நல்ல கவுன்சிலர்களும் சென்னையில் இருக்கிறார்கள், மழை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள் என்று நான் சண்டை போடுவேன். ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலைத் தின்றவர்களை மறக்க முடியவில்லை.

சிஐடி நகர் தோழர் எழுதியது:

இங்கே ஒரு ஆட்சேபம். "அரசியல்வாதி" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். காமராஜர் ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர், தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. இன்று நினைவு இல்லமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். அமைச்சராக இருந்த கக்கன் கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகக் கிடந்தார். எங்கள் பேட்டையில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த நல்லகண்ணு ஐயா, 2019-ல் காலி செய்யச் சொன்னபோது சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்தார். மார்க்சிஸ்ட் கட்சியில் எம்.எல்.ஏ., எம்.பி. சம்பளம் கட்சிக்குப் போகும், கட்சி கொடுப்பதுதான் அவர்களுக்கு.

நங்கநல்லூர் கணக்கர் எழுதியது:

தோழர், நீங்கள் சொன்ன எல்லாரையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஐம்பது வருடமாக நாம் அதே நாலைந்து பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்லவர் வருவாரா என்று காத்திருப்பதை விட, சாதாரண மனிதர் வந்தாலும் திருட முடியாதபடி கணக்கு வெளியே தெரிய வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

பிளான் போடுகிறவன், குரோம்பேட்டை எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. கமிஷன், மாமூல் எல்லாம் சில்லறை. சென்னையில் பெரிய பணம் மண்ணில் இருக்கிறது, அதற்கு அரசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொட வேண்டியதில்லை.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில் ஒரு சர்வே எண் விவசாயப் பயன்பாடு என்று இருக்கும்வரை அங்கே அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்காது. அதையே குடியிருப்புப் பயன்பாடாக வகை மாற்றினால், மறுநாள் காலை அதே மண், அதே வேலிக்கு விலை பல மடங்கு. எந்த ரோடு அகலமாகும், மெட்ரோ நிலையம் எங்கே வரும், பேருந்து நிலையம் எங்கே போகும் என்று யாருக்கு முதலில் தெரிகிறதோ அவருக்குத்தான் லாபம். பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் நடந்த பத்திரப்பதிவுகளை யாராவது உட்கார்ந்து பார்த்தால் நல்லது.

சென்னையின் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-ல் வந்தது. இப்போது 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம். வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாளில் பார்க்கப் போகிறவர்கள் நாம். அதற்கு முன்பே பார்த்தவர் தன் பெயரில் நிலம் வாங்க மாட்டார். பவர் எழுதி வாங்குவார்கள், அதுவும் வேறொருவர் பெயரில். வில்லங்கம் போட்டால் பெயர் கிடைக்கும், ஆனால் அந்தப் பெயர் யாருக்கு என்ன உறவு என்று வில்லங்கச் சான்று சொல்லாது.

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எக்ஸெல்லை மறுபடி திறந்து, கணக்கர் சார் சொன்னபடி எதிர்ப்பத்தி போட்டேன். ஜெயித்தவர், இரண்டாவதாக வந்தவர், இரண்டு பேரும் மறுபடி நின்ற தொகுதி. மேஸ்திரி மகனுக்காக, வாங்கிய விலையையும் இன்றைய மதிப்பையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்தேன். படிவத்திலேயே வாங்கிய தேதியும் விலையும் கேட்கிறார்கள், இதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு தேர்தலுக்கு நடுவில் புதிதாக வாங்கியது எது, பழைய நிலம் விலை ஏறியது எது என்று இனி பிரியும். பதவியில் இருந்தபோது புதிதாக வாங்கியவற்றை மட்டும் மஞ்சள் அடிக்கிறேன்.

டைப்பிஸ்ட் அம்மா சொன்ன மகன், மருமகன், மச்சானுக்கு என்னிடம் பத்தி இல்லை. அதை எப்படி நிரப்புவது என்று வக்கீல் சார்தான் வழி சொல்ல வேண்டும்.

16 தொகுதி, மூன்று தேர்தல். தனியாகச் செய்தால் அடுத்த வருடம் ஆகிவிடும். பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டை பொண்ணு எழுதியது:

ஆர்.கே. நகரும் ராயபுரமும் எனக்கு.

தம்பு செட்டித் தெரு டைப்பிஸ்ட் எழுதியது:

துறைமுகம் நான் பார்க்கிறேன் தம்பி. சில பத்திரங்கள் ஸ்கேன் சரியில்லாமல் எழுத்தே தெரியாது, அவற்றை எனக்கு அனுப்புங்கள். நான் படித்து அடித்துத் தருகிறேன்.